இரண்டு பக்கமும் பிளஸ்

விமானப் பயிற்சிப் பள்ளியின் பணிமனை ஓடுபாதையின் கோடியில் இருந்தது. அதற்கப்பால் ஒரு வேலி, பிறகு வெறும் பொட்டல்.

அங்கே மின்சார வேலைகளுக்குப் பொறுப்பு சுகிர்தா. அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த வேதமாணிக்கம் பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர், அவளைவிட மூத்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். அதற்கு மேல் பேசாமலே சில நாட்கள் போய்விடும்.

அந்த வாரம் இரண்டு இருக்கை விமானம் ஒன்று ரேடியோ செத்துப்போய்த் திரும்பி வந்தது. தனியாக ஓட்டிப்போன மாணவி, மேலே தான் எவ்வளவு கூப்பிட்டும் ஒரு குரலும் வரவில்லை என்றாள். என்ஜின் நன்றாகவே ஓடியிருக்கிறது. அதோடு சுழன்று மின்சாரம் தரவேண்டிய ஆல்டர்னேட்டர்தான் தரவில்லை.

முந்தின நாள் அதை மாற்றியவர் வேதமாணிக்கம். வேறொரு விமானத்திலிருந்து கழற்றியது. போல்ட் துளைகள் பொருந்தின, பெல்ட் பொருந்தியது, விளக்குகளும் எரிந்தன. பஸ்ஸில் பழகிய கண்ணுக்கு அது போதுமாக இருந்தது. அவர்மேல் நம்பிக்கை வைத்து சுகிர்தாவும் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"பஸ்ஸா இருந்தா எறங்கித் தள்ளலாம், அண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

அவர் ஆல்டர்னேட்டரைச் சோதனை மேசையில் ஏற்றினார். அது நன்றாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை ஏற்றினார். அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் விமானத்தில் பூட்டினால் மின்சாரம் வரவில்லை. பேட்டரி இறங்க இறங்க, சார்ஜ் ஏற்றித் திரும்ப வைத்தார்.

அவருக்கு வேறொன்றும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஜெயராணி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, தப்பு யாருடையது என்று விசாரித்து, மகள் பெனிட்டா யாரோடு இருப்பது என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்வார்கள். சுகிர்தாவுக்கும் அது தெரியும். சொல்லவேண்டியதை அவர் குவார்ட்டர்ஸ் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகிவந்தார். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது, டீச்சர். எதுன்னு தெரிஞ்சாகணும்."

"ஆல்டர்னேட்டரை எந்த ரெகுலேட்டரோட சோதிச்சீங்க?"

"மேசையில இருக்கிறதோட. அதுக்குன்னு உள்ளதோட."

"ரெகுலேட்டரை?"

"அதையும் அதுக்குன்னு உள்ள ஆல்டர்னேட்டரோடதான்."

சுகிர்தா ஆல்டர்னேட்டரின் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே, கரண்ட் பாய்ந்தால்தான் காந்தமாகும் கம்பிச்சுருளின் ஒரு முனையைத் தொட்டுக் காட்டினாள்.

"இது எங்க கட்டியிருக்கு?"

"பிளஸ்ல."

"அப்ப மறுமுனை எதுக்குக் காத்திருக்கு?"

"மைனஸுக்கு."

"நம்ம ரெகுலேட்டர் அதுக்கு என்ன கொடுக்குது?"

அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பிளஸ்."

"ரெண்டு பக்கமும் பிளஸ்னா?"

"ஒண்ணும் ஓடாது."

காற்று தகரக் கதவை ஆட்டியது. தீப்பொறி இல்லை, கருகிய வாசனை இல்லை. அவர் ஆல்டர்னேட்டரையும் ரெகுலேட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த ஆல்டர்னேட்டருக்கு, மைனஸ் பக்கம் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வேண்டும். இந்த ரெகுலேட்டருக்கு வேறு ஆல்டர்னேட்டர் வேண்டும். சுகிர்தா அதைச் சொல்லிவிட்டு, விமானத்தின் கையேட்டில் உள்ள ஜோடியையே பூட்டச் சொன்னாள்.

வேதமாணிக்கத்தின் முகம் தெளிந்தது. வெகுநாள் கழித்து அவர் சிரித்தார்.

"அப்ப ரெண்டு மேலயும் தப்பில்லை. ஞாயித்துக்கிழமை இதையே சொல்லிடறேன், டீச்சர். யாரும் கெட்டவங்க இல்லை. எதுவும் கெடலை."

சுகிர்தா விமானத்திலிருந்து பேட்டரியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். அதன் பக்கங்கள் புடைத்திருந்தன.

"ஆல்டர்னேட்டரை ஏத்திப் பாத்தீங்க. ரெகுலேட்டரை ஏத்திப் பாத்தீங்க. அது ரெண்டும் சும்மா இருந்தப்ப எல்லாத்துக்கும் கொடுத்துக்கிட்டிருந்தது இதுதான், அண்ணே. இதை யாராவது கேட்டீங்களா?"