உலகம்மாளுக்கு ஏற்ற உயரம்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் சிவஞானத்தம்மைதான் குரு. அவருக்கு வயது நாற்பத்தைந்து. சீடர் ஆவுடையப்பன் அவரைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். பொதுப்பணித் துறையில் அணை மதகுகள் கட்டி ஓய்வு பெற்றவர்.

அங்கே சமைக்கும் உலகம்மாள் மார்கழியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிய பிறகும் குத்த வைத்து உட்கார முடியவில்லை. அவள் அறையில் வெஸ்டர்ன் டாய்லெட் போடும் வேலையை அம்மை ஆவுடையப்பனிடம் ஒப்படைத்தார்.

தியானம் பழக வந்தவருக்கு இந்த வேலையா என்று மனசு ஒரு கணம் சுணங்கியது. ஆனாலும் டவுனுக்குப் போய் கடை கடையாகப் பார்த்தார். குளியலறை குறுகல். தண்ணீர்த் தொட்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உலகம்மாள் பிடித்து நடக்கும் வாக்கர் திரும்பாது. அதனால் தொட்டி சுவருக்குள் மறைந்து, கோப்பை மட்டும் சுவரில் தொங்குகிற வகையை எடுத்தார். "ரிப்பேர்னா சுவரை உடைக்கணுமா?" என்று கேட்டார். தண்ணீர் விட அழுத்துகிற தகட்டைக் கழற்றினால் கை உள்ளே போகும் என்று கடைக்காரர் கழற்றியே காட்டினார்.

பிளம்பர் யாக்கோபு இரும்புச் சட்டத்தைச் சுவரில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உயரம் எவ்வளவு சார்? பூசிட்டா மாத்த முடியாது."

"பதினாறு அங்குலம். எல்லாரும் வைக்கிறதுதான்."

வாசலில் நின்ற அம்மை, "உலகம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"இதை எப்படிம்மா கேக்கிறது? கூச்சப்படுவாங்க."

"யாரு?"

ஆவுடையப்பன் அடுக்களைக்குப் போனார்.

ஒரு முக்காலியைப் போட்டு உலகம்மாளை உட்காரச் சொன்னார். அவள் கதவு நிலையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். முக்காலிமேல் ஒரு பலகை வைத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவது பலகையில் அவள் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்று, தன் வெறுங்கைகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"கால் தரையில நல்லாப் படுதா?"

"படுதுய்யா."

அவர் மண்டியிட்டு டேப்பை வைத்தார். பதினெட்டரை.

வேலை முடிந்து, புழக்கத்துக்கு வந்த மறுநாள் காலை, உலகம்மாள் வாக்கரை நகர்த்திக்கொண்டு வந்து அவரைக் கும்பிட்டாள்.

"நேத்து சாயங்காலம் வயிறு நிறையத் தண்ணி குடிச்சேன்யா. விழுந்ததுலேருந்து மத்தியானத்துக்கு மேல தண்ணியத் தொட்டதில்ல. உக்காந்தா எந்திரிக்க முடியாதேன்னு பயம்."

ஆவுடையப்பன் நேரே அம்மையிடம் போனார்.

"ஆறு வருசமா அவங்க கையால சாப்பிடுதேன். தாகத்தோட நின்னுக்கிட்டு எனக்கு மோர் ஊத்தியிருக்காங்க. இன்னிக்கு என்னையக் கும்பிடுதாங்க. நான்லம்மா கும்பிடணும். இதுக்கு எப்படி நன்றி சொல்ல?"



"எனக்கும் தெரியாமத்தான் இருந்திருக்கு," என்றார் அம்மை. பிறகு எழுந்தார். "இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டை நீங்க பரிமாறுங்க. அவங்க உக்காந்து சாப்பிடட்டும். தண்ணிக்குப் பெரிய செம்பா வைங்க."