பாதிப் பிடி

மலைமேல் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொட்டகையில், முன்பொரு மழைக்காலத்தில், இரண்டு கூண்டு வண்டிகள் அடுத்தடுத்து நின்றன. டிரைவரும் இன்னொருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். தலைக்கு மேலே இரும்புக் கம்பிக் கூண்டு. ஜீப் தயங்குகிற சேற்றிலும் பாறையிலும் அவை ஏறி இறங்கும்.

பழைய வண்டிக்குள் ஒரு ரப்பர் பெல்ட் வேலை பார்த்தான். இரண்டு புல்லிகளைச் சுற்றிக்கொண்டு எஞ்சினின் வேகத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோவது அவன் வேலை. ஒன்று, இரண்டு என்று கியர் எண்ண அவனுக்குத் தெரியாது. மேடு வந்தால் ஒரு புல்லியில் ஏறி மற்றதில் இறங்குவான், சமதளம் வந்தால் மாற்றிச் செய்வான். அவ்வளவுதான் அவன் படிப்பு.

புது வண்டிக்குள் இரண்டு கிளட்ச்சுகள், அக்காளும் தங்கையும். ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்கள் மூத்தவள் பொறுப்பு. இரண்டு, நான்கு, ஆறு இளையவள் பொறுப்பு. ஒருத்தி பிடித்திருக்கும்போதே மற்றவள் அடுத்த கியரை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வாள். ஒருத்தி விடுவதும் மற்றவள் பிடிப்பதும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

"ரப்பர் அண்ணே," என்றாள் இளையவள் ஒருநாள், "உங்களுக்கு முன்னால உங்க வண்டியில இருந்தவர் எங்கே?"

"மொய்தீன் பாய் வீட்டுக் கேட்டைத் தாங்குற கீலா இருக்கார்," என்றான் பெல்ட். மொய்தீன் பாய்தான் பழைய வண்டியின் டிரைவர். "அவருக்கு முன்னால இருந்தவரை வெட்டி நாய்க்குக் கழுத்துவார் பண்ணிட்டாங்க. அதுக்கும் முன்னால இருந்தவர் ரோட்டுலயே துண்டு துண்டாப் போயிட்டார். நான் நாலாவது ஆள்."

"ஐயையோ, கேக்கவே பயமா இருக்கு! நாங்கல்லாம் அறுந்து போற ஆளுங்க இல்லண்ணே. முழுக்க எஃகு. எண்ணெய்க்குள்ள உட்கார்ந்து வேலை."

"அப்படிப்பட்டவ ஏம்மா இப்படிப் பதறுறே? வண்டி சும்மா நிக்கும்போதும் ரெண்டாம் கியரை விடாமப் பிடிச்சுக்கிட்டு இருக்கியே."

"அடுத்து என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? தயாரா இருக்க வேண்டாமா?"

மூத்தவள் சிரித்தாள். "இவளுக்கு இப்ப நடக்கிறது எதுவுமே கண்ணுல படாதுண்ணே. வரப்போறதுலதான் குடியிருப்பா."

அந்த ஜூலையில் மழை விடவில்லை. கீழே டவுனுக்குப் போகும் தார்ரோட்டில் மண் சரிந்து, பஸ் நின்று, ஆம்புலன்ஸும் வர வழியில்லாமல் போயிற்று. மூன்றாம் நாள் காலை தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டில் ரெஜினாவின் பத்து மாதக் குழந்தை அமலிக்குக் காய்ச்சல் ஏறியது. ரெஜினாவின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தான். அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது குழந்தையின் கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஒரு நிமிஷம்தான். பிறகு இழுப்பு நின்றது. ஆனால் அமலி அழவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. துவண்டு கிடந்தாள்.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் கையை விரித்தார். "மறுபடி இழுத்தா இங்க என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க."

தார்ரோடு இல்லை. இருந்தது மலைமுகட்டைத் தாண்டிப் போகும் பழைய கூப்பு ரோடு ஒன்றுதான், மரம் வெட்டுகிற காலத்தில் லாரிக்காகப் போட்டது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம், ஒரு வண்டி போகும் அகலம். முன்னால் புது வண்டியில் டிரைவர் தங்கையா ரெஜினாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டார். மரம் விழுந்து கிடந்தால் அறுக்க, ரம்பத்தோடு மொய்தீன் பாய் பின்னால் வந்தார்.

காய்ச்சல் பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ரெஜினா அமலிக்கு இரண்டு ஸ்வெட்டர், காலுறை, குரங்குக் குல்லா போட்டு, மேலே கம்பளியைச் சுற்றி, நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். தங்கையாவும் தன் பங்குக்கு, சேறு தெறிக்காமல் இருக்க வண்டியின் பின்பக்கத்தைத் தார்ப்பாயால் இழுத்துக் கட்டியிருந்தார்.

பாதி மேட்டில் வண்டி நின்றது. வழியை அடைத்துக்கொண்டு ஒன்பது காட்டுமாடுகள் நின்றன. நடுவில் ஒரு கன்று. பெரிய மாடு ஒன்று தலையைத் தாழ்த்தி வண்டியைப் பார்த்தது.

"அசையாதீங்கம்மா," என்றார் தங்கையா மெல்ல.

தங்கையா பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். மேட்டில் நிற்க அவர் பிரேக்கைத் தொடமாட்டார். ஆக்சிலேட்டரைத் தடவினாற்போல மிதித்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் உருளாமல் வண்டியை அந்தரத்தில் நிறுத்துவார். மாடு பாய்ந்தால் தானும் உடனே பாய்ந்துவிடலாம் என்று எண்ணம். அந்த மலை டிரைவர்களுக்கு அது பெருமைக்குரிய வித்தை.

வித்தை முழுவதும் மூத்தவள் தலையில் விழுந்தது. முதல் கியரை அவள் முழுசாகப் பிடித்தால் வண்டி மாட்டின் மேல் போய்விடும். முழுசாக விட்டால் பின்னால் உருளும். பாதி பிடித்தாள். பிடி வழுக்கியது. வழுக்க வழுக்கச் சூடு ஏறியது.

"அக்கா, விட்டுடாதே!" என்று கத்தினாள் இளையவள். "நான் ரெண்டாவதை எடுத்து வச்சிட்டேன். மாடு நகர்ந்ததும் நீ விடு, நான் பிடிச்சுக்கிறேன். இல்ல, விடாதே! கொஞ்சம் விடு! ஐயோ, விடாதே!"

"வாயை மூடுடி. எரியுது."

அக்காளைச் சுட்ட எண்ணெய் தங்கையையும் வந்து சுட்டது. ஆனாலும் அவள் இரண்டாம் கியரை விடவில்லை.

பின்னால் பழைய வண்டியில் மொய்தீன் பாய் பிரேக்கை மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, கன்றுக்குட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பெல்ட்டுகளை இதே மாதிரி மேடுகளில் கருக்கிய பிறகு வந்த புத்தி அது. பெல்ட் புல்லிகளுக்கு நடுவே தளர்ந்து கிடந்தான்.

"ஏம்மா பொண்ணுங்களா," என்று அவன் குரல் கொடுத்தான், "கருகின வாடை வருதே! பிடிச்சா பிடிங்க, விட்டா விடுங்க. எனக்கு முன்னால இருந்தவங்க ஓடி ஓடிச் சாகல. இப்படி நின்னுதான் செத்தாங்க."

"உங்களுக்கென்ன, வண்டியில பிள்ளையா இருக்கு?" என்று சீறினாள் இளையவள்.



புது வண்டியின் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பீப் பீப் என்று அலறியது. பிறகு கியர் பெட்டி தானாகவே எல்லாவற்றையும் விட்டுவிட்டது. வண்டி ஓரடி பின்னால் சரிய, தங்கையா பதறிப்போய் பிரேக்கை மிதித்தார்.

அந்தச் சத்தம் பிடிக்காத பெரிய மாடு கன்றைத் தள்ளிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் இறங்கியது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. வழி திறந்துகிடந்தது.

"போங்கண்ணே," என்றாள் ரெஜினா. "அதான் போயிடுச்சுல்ல, போங்க!"

தங்கையா மிதித்துப் பார்த்தார். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. "போக மாட்டேங்குதும்மா."

"பாய் வண்டியில போறேன்."

"எப்படிம்மா? நாமதானே வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறோம்."

மொய்தீன் பாய் சேற்றில் கால் வைத்து வந்தார். விளக்கைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். "என்ன தங்கையா, அடுப்பு மூட்டினியா? நியூட்ரல்ல போடு. எஞ்சின் ஓடட்டும். எண்ணெய் சுத்தினா சூடு இறங்கிடும்."

"எவ்வளவு நேரம் பாய்?" என்றாள் ரெஜினா.

"பத்து நிமிஷம். கால்மணி ஆனாலும் ஆகும்."

"என் பிள்ளைக்குப் பத்து நிமிஷம் இல்ல பாய். நான் இறங்கி நடக்கிறேன்."

"ஆறு மைல் தாயி. மாடும் அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கு. உட்காரு."

அவர் வண்டியின் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். "அட மடையா, எஞ்சினுக்குக் காத்துப் போற வழியையே தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கியே! அப்புறம் எப்படி ஆறும்?" என்று முடிச்சுகளை அவிழ்த்து உருவினார். குப்பென்று ஆவி கிளம்பியது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ரெஜினாவிடம் வந்தார். கம்பளிக்குள் கையை விட்டுக் குழந்தையின் முதுகைத் தொட்டவர் அப்படியே நின்றார்.

"நீயும் தார்ப்பாய் போட்டுத்தானேம்மா கட்டி வச்சிருக்கே."

"குளிருது பாய். காத்துப் பட்டா..."

"குளிர் நமக்குத்தான். பிள்ளையைத் தொட்டுப் பாரு, கொதிக்குது. சூடு எந்த வழியா வெளியே போகும்?"

ரெஜினா கம்பளியை இன்னும் இறுக்கினாள். அதை அவிழ்த்தால் குழந்தையே கையை விட்டுப் போய்விடும் போல இருந்தது.

உள்ளே மூத்தவள் கையை முழுசாக விரித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். இளையவள் மட்டும் இரண்டாம் கியரோடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அதையும் விடும்மா," என்றான் பெல்ட். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"விட்டா வண்டி உருண்டிடும்."

"வண்டியைப் பிரேக் பிடிச்சிருக்கு. அது உன் வேலை இல்ல."

"திடீர்னு ரெண்டாவது வேணும்னு கேட்டா?"

"கேக்கும்போது எடுத்துக் குடு. அதுதானே உனக்கு நல்லா வரும். கேக்காததையே பிடிச்சுக்கிட்டு நின்னா, கேக்கும்போது உன் கையில தெம்பு இருக்காது."

இளையவள் ஒருமுறை அக்காளைப் பார்த்தாள். பிறகு விட்டாள். ஒன்றும் உருளவில்லை. ஒன்றும் விழவில்லை. எண்ணெய் அவளைச் சுற்றி ஓட ஆரம்பித்தது.

மேலே ரெஜினா, "மாதாவே," என்று முனகிக்கொண்டே கம்பளியை எடுத்தாள். ஸ்வெட்டர் ஒன்று, ஸ்வெட்டர் இரண்டு. குல்லாவைக் கழற்றியபோது தலைமுடி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. மெல்லிய பருத்திச் சட்டையோடு அமலியை மடியில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். மலைக்காற்று குழந்தையின் கழுத்தில் பட்டது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார். தங்கையா சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் மூவருக்கும் அந்த மலையில் செய்வதற்கு வேறு வேலை இல்லை.

பன்னிரண்டாவது நிமிஷம் விளக்கு அணைந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் அமலியின் கால் கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்தது.

"பிரேக்ல நில்லு, பிரேக்கை விட்டுக் கிளம்பு," என்றார் பாய். தங்கையா வித்தையெல்லாம் விட்டுவிட்டு அப்படியே செய்தார். மூத்தவள் முதல் கியரை ஒரே பிடியாகப் பிடித்தாள். வண்டி முகட்டைத் தாண்டியது. குறுக்கே கிடந்த ஒரு மரத்தைப் பாய் அறுத்துத் தள்ளினார். பிறகு செங்குத்தான இறக்கம்.

"இந்த இறக்கம் உங்க வேலைம்மா," என்றான் பெல்ட். "மெதுவா இறங்கும்போது எனக்குப் பிடிமானம் கிடையாது. புல்லி என்னை விட்டுடும். பாய் பிரேக்கையே நம்பித்தான் வரணும்."

அந்த இறக்கத்தைச் சகோதரிகள் இழுத்துப் பிடித்து, ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார்கள். முழுப் பிடி, முழு விடுதல். இரண்டாம் கியருக்கு இளையவளை வண்டி இரண்டு முறை கூப்பிட்டது. இரண்டு முறையும் போனாள். நடுவில் சும்மா இருந்தாள். மடியில் குழந்தை மட்டும் இன்னும் சத்தம் எழுப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார், ஊசி போட்டார், ரத்தம் எடுத்தார். "காய்ச்சல் வேகத்துல வர்ற இழுப்பு. இந்த வயசுல நிறையப் பிள்ளைங்களுக்கு வரும். இப்ப சூடு இறங்கிட்டு வருது, மயக்கமும் தெளியுது. பயப்பட ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்."

"மறுபடி வந்தா டாக்டர்? ராத்திரி வந்தா? ஊருக்குப் போனப்புறம் வந்தா?"

"வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க. தூக்கிட்டு வாங்க. அதெல்லாம் வந்தாத்தான். இப்ப வரலையே. இப்ப நீங்க போய் ஒரு டீ குடிங்க."

வெளியே போர்ட்டிகோவில் இரண்டு வண்டிகளும் சேறு சொட்டச் சொட்ட நின்றன. தங்கையாவும் பாயும் எதிர்க்கடையில் பன் தின்றுகொண்டிருந்தார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது.

அப்போது மாடி ஜன்னல் வழியாக ஒரு குழந்தையின் அழுகை வந்தது. முதலில் சிணுங்கல். பிறகு பசித்த குரல். பிறகு கட்டடமே அதிரும் வீறல்.

இளையவள் திடுக்கிட்டாள். "அக்கா, பாப்பா அழறா! ஏதாச்சும் பண்ணணுமா? எதையாச்சும் பிடிக்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்டி," என்றாள் மூத்தவள். "அழட்டும். நல்லா அழட்டும்."