காளான் ஆய்வேட்டுக்கு ஒரு பூட்டு

கனகசபைக்குத் திருட்டு பயம். தன் நிழல் எட்டிப் பார்த்துக் காப்பியடித்துவிடும் என்று, விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தார். நம்பாதவர்கள் அதிலுள்ள எழுத்துப் பிழைகளைப் பார்க்கலாம். ஆனால் அவர் காட்ட வேண்டுமே.

மலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் மின்னூலகத்தைக் கவனித்துக்கொள்பவர் பெருந்தேவி. தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்த கனகசபைக்கு எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுத்தவர். குரு இளையவர், சீடர் மூத்தவர்.

“மேடம், என் ஆய்வேட்டை இணையத்தில் எல்லோரும் படிக்கலாமா?”

“படிக்கலாம் சார். காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.”

“அப்படியென்றால் மூன்று வருடம் பூட்டிவையுங்கள். எவனாவது தன் பெயரைப் போட்டுக்கொண்டால் என் உழைப்பு போச்சு. அதற்குள் நானே புத்தகமாகப் போட்டுவிடுகிறேன்.”

பெருந்தேவி கணினியில் ஏதோ தட்டினார். “பூட்டியாயிற்று. வாருங்கள், சாப்பிடலாம்.”

டிபன் பாக்ஸைத் திறந்தார். காளான் குழம்பு.

“எங்கே வாங்கினீர்கள்?”

“விடியற்காலையில் எங்கள் குடியிருப்பு வாசலில், கூடையில் வைத்து விற்றார்கள். மழைக்கு முளைத்த மலைக்காளான்.”

கனகசபை டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “தொடாதீர்கள்.”

“ஏன் சார், வெள்ளைவெளேரென்று நன்றாகத்தானே இருந்தது?”

“நல்லதும் வெள்ளை, கெட்டதும் வெள்ளை. காம்பின் அடியில் கிண்ணம் மாதிரி இருந்தால் விஷம். பார்த்தீர்களா?”

“பார்க்க வேண்டுமென்று எனக்கு யார் சொன்னார்கள்? நறுக்கிப் போட்டுவிட்டேன். கொதித்தால் விஷம் போய்விடாதா?”

“போகாது. முதலில் ஒன்றுமே தெரியாது. அப்புறம் ஈரலைத் தின்றுவிடும்.” அவர் டிபன் பாக்ஸை மூடி அழுத்தினார். “நீங்கள் வாயில் வைத்தீர்களா?”

“உப்பு மட்டும் பார்த்தேன்.”

கனகசபை எழுந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கூடை இன்னும் வாசலில் இருக்கிறதா?”

“காலையிலேயே காலி. நல்ல கூட்டம்.”

“யார் யார் வாங்கினார்கள்?”

“அது எப்படித் தெரியும்? பேருந்துக்கு நின்றவர்கள், விடுதிச் சமையல்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண்.”

“உடனே எல்லோருக்கும் சொல்ல வேண்டும் மேடம். படத்தோடு சொல்ல வேண்டும். எல்லாம் என் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறது.”

பெருந்தேவி வெறும் சாதத்தைப் பிசைந்தார்.

“சொல்லலாம் சார். மூன்று வருடம் போகட்டும்.”