எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

செங்காடு நகராட்சியில் ஏழு நாள் அசையாத வண்டி கேட்பாரற்ற வண்டி. எல்லைக்கல்லைத் தாண்டினால் மணல்துறை. அங்கே முப்பது நாள் பொறுப்பார்கள். அஞ்சுகம் இட்லி விற்றுப் பிழைக்கும் வேன், கல்லுக்கு இந்தப் பக்கமே இன்ஜின் செத்து நின்றுவிட்டது. எட்டாம் நாள் காலை, நான்கு ஆட்களோடு வந்தார் செங்காட்டு அதிகாரி தணிகாசலம்.

“இன்னைக்கே இதைத் தூக்கி ஏலத்துல விட்டுடுவேன்!”

“தாராளமா தூக்குங்க சார். உங்க இழுவை லாரி எங்கே?”

அஞ்சுகம் கல்லுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். நகராட்சி லாரி இருபது நாளாக அங்கேதான் படுத்துக் கிடந்தது.

“அதை ஏன் சார் அடுத்த ஊர்ல போட்டிருக்கீங்க?”

“ரிப்பேரும்மா. அங்கேன்னா முப்பது நாள் டைம் இருக்கில்ல…” என்று உளறிவிட்டார்.

இட்லி தின்றுகொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது.

“அப்போ என் வேனையும் அதுக்குப் பக்கத்துலயே விட்டுடுங்க. லாரி இல்லேன்னா என்ன, தள்ளலாமே?”

வேனை அகற்றியாயிற்று என்று முந்தின நாளே கையெழுத்துப் போட்டிருந்தார் தணிகாசலம். வேறு வழியில்லாமல் ஐந்து பேரும் தள்ளினார்கள்.

“முப்பது நாள் கழிச்சு என்ன பண்ணுவே?” என்றார், வேர்வையைத் துடைத்தபடி.

“அது கிடக்கட்டும் சார். உங்க லாரிக்கு இன்னும் பத்து நாள்தான். தள்ள வரும்போது சொல்லுங்க, நானும் ஒரு கை கொடுக்கறேன்.”