சிரிக்கிற குரங்கு காவல் காத்த வீடு

ஒரு ஊர்ல ஒரு சிரிக்கிற குரங்கு இருந்துச்சாம். நெஜக் குரங்கு இல்லடி, பிளாஸ்டிக் குரங்கு. அதோட வயித்துல பொட்டு மாதிரி ஒரு கண்ணாடி. அதுக்கு முன்னாடி யாராச்சும் நடந்து போனாப் போதும், கிக்கிக்கி க்கா க்கான்னு சிரிச்சுக்கிட்டே ரெண்டு தட்டையும் ஜிங் ஜிங்னு தட்டும். யாரும் போகலன்னா கம்முனு உக்காந்திருக்கும். மோனிஷா, காலை எடு என் மேலருந்து. ம் கொட்டிக்கிட்டே கேளு, இல்லாட்டி நான் செவுத்துக்கிட்ட பேசற மாதிரி ஆயிடும்.

"ம்."

அந்தக் குரங்கு ஒரு பொம்மைக்காரியோடது. அவ தெருவோரம் தார்ப்பாய் விரிச்சுக் கடை போடுவா. ஆள் வந்தா சிரிக்கிற குரங்கு, ஆள் வந்தா குரைக்கிற நாய், ஆள் வந்தா ங்ஙான்னு அழுவுற பாப்பா, இதான் அவ யாவாரம்.

"எங்கம்மா மாதிரியா, அத்தை?"

உங்கம்மா மாதிரிதான். உங்கம்மா சனிக்கிழமை வருவா, அதுவரைக்கும் நொய் நொய்னு கேக்காத. இந்தக் கதையில ராஜா வரமாட்டான், மந்திரி வரமாட்டான், காப்பாத்த யாருமே வரமாட்டாங்க. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

அப்போ அந்தப் பொம்மைக்காரிக்கு ஒரு வீட்டுக்காரன், ஒரு கைக்குழந்தை. வீடு ஆத்தோரம். நாலு பக்கமும் தகரம், மேல பேனர் துணி, கதவுக்குச் சுண்டுவிரல் பெருசுல ஒரு பூட்டு. அந்த வரிசையில நாப்பது வீடு, அவ வீடுதான் கடைசி. புருஷனும் பொண்டாட்டியும் காலையில மூட்டையைத் தூக்கிக்கிட்டு, குழந்தையை இடுப்புல வச்சிக்கிட்டுக் கிளம்பினா விளக்கு வச்ச பொறவுதான் வருவாங்க. பகல் பூரா வீடு பூட்டியே கெடக்கும். அவளுக்கு அந்த வீடுன்னா உசுரு. குழந்தை பொறந்தது அங்கதான். மழை வந்தா ஓட்டைக்குக் கீழ குண்டான் வைப்பா, டொக்கு டொக்குன்னு ராத்திரி பூரா விழும். ஆனாலும் நம்ம வீடுன்னு சொல்லிப்பா.

"ம்."

அப்புறம் ஐப்பசி மாசம் வந்துச்சு. அவ கடை போடற எடத்துக்கு எதிர்ல பெரிய கேட்டுப் போட்ட அடுக்குமாடி. அங்க அன்னிக்கு ஒரு திருவிழாவாம். ஹாலோவீனாம். சாமிக்கு இல்லடி, பேய்க்குத் திருவிழா. அங்கருந்து ஒரு அம்மா வந்து நாலு குரங்கு வாங்கிட்டுப் போச்சு. பொம்மைக்காரி கேட்டுக்கு வெளியில நின்னு எட்டிப் பார்த்தா. அந்த அம்மா குரங்குக்குக் கருப்புத் துணி போத்தி, சவுரி முடி ஒட்டி, கண்ணுக்குச் செவப்பு தடவி, மாடிப்படிக்குப் பின்னாடி வச்சிடுச்சு. புள்ளைங்க நடந்து போனா கிக்கிக்கின்னு அது சிரிக்குது, புள்ளைங்க வீல்னு கத்திட்டு ஓடுதுங்க. ஓடிட்டு மறுபடி வந்து மறுபடி நடக்குதுங்க. அதுக்கு சாக்லேட்டு வேற. நமக்கு வருஷம் பூரா பயம், ஒருத்தரும் ஒரு மிட்டாய் குடுக்கல.

அப்போ அன்னிக்குச் சாயங்காலம் அவ வீட்டுக்கு வந்து பார்த்தா, பூட்டு ஒடஞ்சு கெடக்கு. உள்ள அடுப்பு சிலிண்டரைக் காணோம். பாத்திரத்தைக் காணோம். குழந்தையோட தொட்டில் பொடவையைக் கூட உருவிட்டுப் போயிட்டான். அவ தரையில உக்காந்து அழுதா. அழுது முடிச்சிட்டு, "இந்த வீட்டுக்கு ஒரு பேயைக் குடி வைக்கிறேன் பாரு"ன்னா.

"ம்... நெஜப் பேயா?"

பொம்மைப் பேய்தான், பயப்படாத. மிச்சம் இருந்த சரக்குல ஒரு குரங்கு, ஒரு நாய், ஒரு பாப்பா எடுத்தா. வீட்டுக்காரன் மலைக்கு மாலை போட்டப்ப கட்டின கருப்பு வேட்டி இருந்துச்சு, அதைக் கிழிச்சுக் குரங்குக்குப் போத்தினா. தேங்கா நாரைப் பிரிச்சு முடி வச்சா. பூசணி விதையை ஒட்டிப் பல்லு வச்சா. நாயைக் காலிப் பெயிண்ட் டப்பாவுக்குள்ள எறக்கினா, குரைச்சா கும்ம்னு கெணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி வந்துச்சு. பாப்பாவோட தலையைக் கிர்ருனு பின்பக்கமாத் திருப்பி வச்சிட்டா. அப்புறம் எதிர்ல நடந்து பார்த்தா, குரங்கு சிரிக்கவே இல்ல. ஏன்னு பார்த்தா, வேட்டி அதோட வயித்துக் கண்ணாடியை மூடிடுச்சு. வீட்டுக்காரன் பீடி நெருப்பால துணியில ஒரு ஓட்டை போட்டான். இப்போ சிரிச்சுது. ஆனா கல்யாண வீட்டுச் சிரிப்பு மாதிரி குஷியா இருந்துச்சு. இதுக்கு எவன் பயப்படுவான்?

அப்போதான் அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. பேட்டரி தீரப்போற நேரத்துல இந்தப் பொம்மைங்களுக்குக் குரல் இழுத்துக்கும். அக்கம்பக்கத்துல நின்னுபோன கடிகாரத்துப் பேட்டரியெல்லாம் வாங்கிட்டு வந்து, தீரத் தீர மாத்திப் போட்டா. கிஈஈஈ... க்க்க்... கா... ஆஆ... சிரிப்பா அழுகையான்னே தெரியல. அதைக் கேட்டு அவளே குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிட்டா.

"ம்."

அப்புறம் அவ பக்கத்து வீட்டுக்காரிகிட்ட போனா. அவ வீடு கடைசி இல்லையா, அதனால பக்கத்து வீடுன்னு ஒண்ணுதான். "அக்கா, யார் வந்து கேட்டாலும் அந்த வீட்ல ஆள் யாரும் இல்ல, பேய்தான் இருக்குன்னு சொல்லிடு. சாயங்காலம் வருவாங்கன்னு சொன்னா பகல்ல பூட்டை ஒடைப்பானுங்க"ன்னா. பக்கத்து வீட்டுக்காரியும் சரின்னா. ரெண்டு பேரும் எப்படிச் சொல்லணும்னு சொல்லிச் சொல்லிப் பார்த்துச் சிரிச்சாங்க.

அப்போ முதல்ல வந்தான் திருடன். அதே திருடன்தான், ருசி கண்டவன். கதவை நெம்பினான், க்ரீச்சுன்னு ஒரு சந்து தொறந்துச்சு. கிஈஈஈ... கா... ஆஆ... பெயிண்ட் டப்பாவுக்குள்ளருந்து கும்ம் கும்ம்... போட்டான் பாரு ஓட்டம், தடதடதடன்னு. ஒத்தச் செருப்பு அங்கயே கெடந்துச்சு.

ரெண்டாவதா வந்தவன் ஆத்தோரத்துல எடம் வளைக்கிறவன். தன் பூட்டைப் போட்டு வீட்டை எடுத்துக்கலாம்னு வந்தான். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட, "இங்க யாரு இருக்கா?"ன்னு கேட்டான். அவ கண்ணை உருட்டி, "ஆள் யாரும் இல்லைங்க, பேய்தான் இருக்குது"ன்னா. அவன் நம்பாம கதவுச் சந்துல எட்டிப் பார்த்தான். தலை திரும்பின பாப்பா ங்ங்ங்ஙா...ன்னுச்சு. பூட்டைக் கையில பிடிச்சபடியே போயிட்டான். அன்னிக்கு ரெண்டு பொம்பளைங்களும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. பொம்மைக்காரி வடை வாங்கிட்டு வந்து குடுத்தா.

"ம்... மூணாவது?"

மூணாவது வந்தவன் கணக்கெடுக்கிறவன். ஆத்தோரத்து வீட்டையெல்லாம் இடிக்கப் போறாங்க. யார் யாரு இருக்காங்கன்னு எழுதிக்கிட்டு, எழுதினவங்களுக்கு மட்டும் ஊருக்கு வெளியில மாடி வீடு குடுப்பாங்க. சொல்லாமக் கொள்ளாமப் பகல்ல வந்தான். பூட்டின வீட்டுக்கிட்ட வந்து சந்துல பார்த்தான். கிஈஈஈ... க்க்... ரெண்டடி பின்னால எகிறிக் குதிச்சான். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "ஏம்மா, இங்க யாரு இருக்கா?"ன்னான். அவளும், "ஆள் யாரும் இல்லைங்க, பேய்தான் இருக்குது"ன்னா. அவன் ஆளில்லாத வீடுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான்.

"அய்யோ. அவ ஏன் அப்படிச் சொன்னா?"

அவளுக்குத் தெரியாதுடி. பாவம், திருடன்னு நெனச்சிட்டா போல. கண்ணை மூடு. சும்மா சும்மா எழுந்து உக்காராத.

அப்புறம் தை மாசம் வீடு இடிக்கிற மிஷின் வந்துச்சு. நாப்பது வீட்ல முப்பத்தொம்பது வீட்டுக்கு மாடி வீட்டு டோக்கன் குடுத்தாங்க. பொம்மைக்காரி தன் பேரைக் கூப்பிடுவாங்கன்னு குழந்தையைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னா. கூப்பிடல. போயிக் கேட்டா, "அது காலி வீடும்மா, உள்ள பேய்ச் சத்தம்தான் கேட்டுச்சாம்"ன்னான். "சார், நான்தான் சார் அந்த வீடு. இதோ நிக்கிறேனே"ன்னா. ரேஷன் கார்டைக் காட்டுன்னான். அவ கார்டுல மாமியார் ஊர் விலாசம் இருந்துச்சு. அங்க நின்ன முப்பத்தொம்பது வீட்டு ஆளுங்களையும் அவ திரும்பிப் பார்த்தா. எல்லாரும் அவங்கவங்க டோக்கனை உள்ளங்கையில மடிச்சிக்கிட்டுத் தரையைப் பார்த்தாங்க. பேசினா நம்ம டோக்கனையும் பிடுங்கிடுவானோன்னு பயம். ஏழைக்குப் பயம் வந்துட்டா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்.

"ம்..."

அப்போ மிஷின் கடைசி வீட்டுக்கிட்ட வந்துச்சு. அத்தாம் பெரிய இரும்புக் கை எதிர்ல அசைஞ்சா விடுமா, உள்ள இருந்த மூணு பொம்மையும் ஒண்ணாக் கெளம்பிச்சுங்க. கிஈஈ, கும்ம், ங்ங்ஙா. அதுங்களால முடிஞ்ச மட்டும் கத்திச்சுங்க. மிஷின் ஓட்டறவன் கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கான், கீழ கடகடகடன்னு சத்தம், அவனுக்கு ஒண்ணும் கேக்கல. தகரம் மடார்னு விழுந்துச்சு. பேனர் துணி பர்ருனு கிழிஞ்சுது. மண்ணுக்குள்ள போயும் குரங்கு சிரிச்சுச்சு. மேல மண்ணு அசையிற வரைக்கும் சிரிச்சுது. அப்புறம் நின்னுபோச்சு.

அப்புறம் பொம்மைக்காரி வெறுங்கையால மண்ணைப் பறிச்சுக் குரங்கை எடுத்தா. எடுத்துக்கிட்டு மூணு எடத்துக்கு நடந்தா. முதல் ஆபீஸ்ல, பட்டியல் முடிஞ்சுபோச்சு, போம்மான்னாங்க. ரெண்டாவது, வார்டு கவுன்சிலர் வீடு. அவரு வெளியூர் போயிருக்காருன்னாங்க. அவரு செருப்பு வாசல்லதான் கெடந்துச்சு. மூணாவதா மனு குடுக்கிற ஆபீஸ். அங்க பெரிய அதிகாரி மேசை மேல குரங்கை வச்சா. "சார், பேய் இல்ல சார், இந்தப் பொம்மைதான் சார். பூட்டை ஒடைக்கிறானுங்கன்னு நான்தான் வச்சேன். எதிர்ல கையை ஆட்டுங்க சார், சிரிக்கும்"ன்னா. அதிகாரி கையை ஆட்டினாரு. சிரிக்கல. கண்ணாடியில மண்ணு. அவ முந்தானையால தொடைச்சா, இப்படி ஆட்டினா, அப்படி ஆட்டினா, எழுந்து அது எதிர்ல நடந்து காட்டினா. குழந்தை அது பாட்டுக்கு அழுவுது. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அடுத்து யாரு?"ன்னாரு.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவளும் வீட்டுக்காரனும் ஸ்டேஷன் பக்கம் பாலத்துக்குக் கீழ படுக்க ஆரம்பிச்சாங்க.

ம் சொல்லு.

மோனிஷா? தூங்கிட்டியாடி?

தூங்கிட்டா.

உன்கிட்ட பொய் சொன்னேன், கண்ணு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். கணக்கெடுக்க வந்தவன் கழுத்துல அட்டை தொங்குச்சு, கையில பெரிய நோட்டு. முதல்ல என் வீட்டைத்தான் எழுதினான். என் பேரு, என் புருஷன் பேரு, எல்லாம் கேட்டு எழுதி, என் கட்டை விரலையும் பதிஞ்சுக்கிட்டான். அதுக்கப்புறம்தான் உங்க வீட்டுக்கிட்ட போய்ப் பயந்து வந்து என்னைக் கேட்டான். என் வாய் பழக்கத்துல சொல்லிடுச்சு. சொன்ன அடுத்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் வண்டியை உதைச்சுக்கிட்டு இருந்தான், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை உதைச்சான், ஸ்டார்ட் ஆகல. கூப்பிட்டு இல்ல சார், அங்க குடும்பம் இருக்குதுன்னு சொல்ல அவ்வளவு நேரம் இருந்துச்சு. பொய் சொல்றவன்னு என் பேரையும் அடிச்சிடுவானோன்னு நெனச்சேன். வாசப்படியைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். மூணாவது உதைக்கு வண்டி கெளம்பிடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் உங்கம்மா உன்னை இடுப்புல வச்சிக்கிட்டு வந்தா. "கணக்கெடுக்க வந்தாங்களாமே, என் வீட்டையும் எழுதிக்கிட்டாங்களா அக்கா?"ன்னா. எழுதிட்டாங்கன்னேன். அவ உன்னைத் தூக்கி என் கையில குடுத்துட்டு, உலை வைக்கப் போனா. மறுநாள் சொல்லியிருக்கலாம். தை மாசம் வரைக்கும் தினமும் சொல்லியிருக்கலாம். தினமும் காலையில சொல்லிடணும்னு எழுந்திரிப்பேன்.

இப்போ இந்த ஏழாவது மாடியில, எனக்குக் குடுத்த வீட்ல, பள்ளிக்கூட நாள்ல நீ என் பாய்ல படுத்துக்கிட்டு இருக்க. சனிக்கிழமை உங்கம்மா வந்து, "பாலத்துக்குக் கீழ வச்சு இவளை எப்படி அக்கா வளர்ப்பேன், நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்"னு என் கையைப் பிடிச்சிப்பா. போன வாரம் பழம் வாங்கிட்டு வந்தா. நான் வாங்கிக்கிட்டேன்.

கதை இதோட தீர்ந்துபோச்சு. நீ தூங்குடி, எனக்கு வராது.