உடைத்த தேங்காய்

முருகன் கோயில் கோபுர வாசலுக்கு நேர் எதிரே தாணுமூர்த்தியின் தேங்காய்க் கடை. அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் சாமிக்குத்தான் வாய்த்திருந்தது. ஆனாலும் ஜனம் அவரைத் தாண்டிப் போய், தெப்பக்குளத்து மூலையில் செண்பகவல்லியிடம் காய் வாங்கியது. இந்தத் தைப்பூசத்திலும் இதே கதி என்றால் கடையை மூடிவிட வேண்டியதுதான்.

கடையில் மச்சினனை உட்கார வைத்துவிட்டு, மானத்தை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, தன்னைவிட இளையவளிடம் போய் நின்றார்.

“தொழில் கத்துக் குடுக்கணும் தாயி.”

“பக்கத்துல உக்காருங்க அண்ணாச்சி.”

உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு வரும் அதே லாரிச் சரக்கு, அதே விலை. அவரைப் போலத்தான் அவளும் தட்டிப் பார்த்துக் கொடுத்தாள். கற்றுக்கொள்ள ஒரு மண்ணும் இல்லையே என்று எரிச்சலாக வந்தது.

பூசத்தன்று, கூட்டம் நெருக்கித் தள்ளும் நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் அழுகிய தேங்காய் மூடிகள்.

“யக்கா, பிள்ளைக்கு இன்னைக்கு ஆபரேசன். சாமி இப்படிக் காட்டிட்டாரே!”

தாணுமூர்த்தியின் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

“உடைச்ச காய்க்கு யாரும் பொறுப்பில்லம்மா.”

சொன்ன பிறகுதான் காயின் குடுமியைப் பார்த்தார். மஞ்சள் தடவியிருந்தது. குடுமிக்கு மஞ்சள் தடவி விற்பது அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

செண்பகவல்லி மூடிகளை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அழாதம்மா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு.”

ஒரு காயைத் தட்டினாள். வைத்துவிட்டு வேறொன்றைத் தட்டி எடுத்தாள். பிறகு எழுந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கே நடந்துவிட்டாள்.

போச்சு, கூட்டம் கலைந்துவிடும் என்று பதறினார் தாணுமூர்த்தி. ஒருவரும் நகரவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

“வாசல்ல இன்னொரு கடை இருக்கே. ஏன் நிக்கீக?” என்று ஒருவரிடம் கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்குக் காய் எப்படி உடைஞ்சுதுன்னு தெரியாம எப்படிய்யா போக?”

செண்பகவல்லி தனியாகத் திரும்பி வந்தாள். அத்தனை முகமும் அவளைப் பார்த்தது.

“வெள்ளை வெளேர்னு உடைஞ்சுது. ஆசுபத்திரிக்குக் கிளம்பிட்டா.”

“முருகா!” என்றது கூட்டம், ஒரே குரலில்.

தாணுமூர்த்தி இத்தனை வருஷம் காய் விற்றிருக்கிறார். யாருடைய காய் எப்படி உடைந்தது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

கூட்டம் குறைந்ததும் மெல்லக் கேட்டார்.

“அழுகினது என் கடைக் காய் தாயி. அதுக்கு நீங்க எதுக்குப் போனீக?”

“உங்க காய்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் அண்ணாச்சி. அதைக் கையில வச்சுக்கிட்டே உங்க வாசலைத் தாண்டி இங்க வந்துருக்கா. ஏன் வந்தான்னுதான் எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்.”