ஜெபமலர் கழற்றிய பதின்மூன்று துண்டுகள்

“எதுக்குங்க அதை உடைச்சீங்க?”

கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“உடைக்கல்ல சார், கழத்துனேன்” என்றார் ஜெபமலர்.

ஆரல்வாய்மொழியில் அது ஆனி மாதத்துக் காற்று. பேசுகிறவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போகும். இருவரும் ஒரு காற்றாலையின் அடிவாரத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடங்களாகக் கைக்கருவிகளை வடிவமைக்கிறவர். கடைசி நான்கு வருடங்களை ஒரே ஒரு கருவிக்குக் கொடுத்திருந்தார். மடக்கினால் நான்கு விரல் நீளம், சட்டைப்பையில் அடங்கும். விரித்தால் இருபத்தியொரு வேலை செய்யும். கத்தி, ரம்பம், குறடு, அரம், கத்தரி, முள் எடுக்கும் ஊசி, இன்னும் என்னென்னவோ.

வெளியில் அலைந்து வேலை செய்கிற நாற்பது பேருக்கு அதை அனுப்பி, ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு எழுதச் சொன்னார்.

முப்பத்தொன்பது பேர் பாராட்டி எழுதினார்கள்.

ஒருவர் கருவியையே திருப்பி அனுப்பினார். அது மெலிந்துபோய் இருந்தது. கூடவே ஒரு துணிப்பை. பைக்குள் பதின்மூன்று துண்டுகள். கடிதம் இல்லை.

அந்த ஒருவர்தான் ஜெபமலர். வயது முப்பத்தொன்று. எண்பது மீட்டர் உயரக் காற்றாலைகளில் ஒன்பது வருடங்களாக ஏறி இறங்குகிறவர்.

“எந்தக் கணக்குலீங்க கழட்டுனீங்க?”

“ஒரு வருசம் கழிச்சு எடுத்துப் பாத்தேன். பளபளன்னு இருந்ததை எல்லாம் கழத்திட்டேன்.”

சென்னியப்பன் அந்தத் துணிப்பையையும் மெலிந்த கருவியையும் வெளியே எடுத்தார்.

துணிப்பையை அவிழ்த்து சிமெண்ட் மேடையில் கொட்டினார். பதின்மூன்றும் வெயிலில் மின்னின. கத்தரியை மட்டும் இரண்டு விரல்களால் தூக்கினார்.

“இதுக்கு மட்டும் பதினோரு மாசமாச்சுங்க.”

“அழகா இருக்கு சார். எனக்க மவ குடுக்கமாட்டேன்னு அழுதா. பிடுங்கித்தான் அனுப்புனேன்.”

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் சென்னியப்பனுக்கு இன்னும் வலித்தது.

ஜெபமலர் மெலிந்த கருவியைக் கையில் எடுத்தார். குறட்டின் கீலை விரித்தார், மடக்கினார். காதருகே வைத்து மறுபடி விரித்தார்.

“இந்தக் கீலு யாரு செஞ்சது?”

“நாந்தானுங்க.”

“உள்ள மண்ணு போச்சு, கிரீஸு போச்சு, மழை நனைஞ்சுது. ஒரு நாளும் இறுகல்ல. இதைச் செஞ்சவரை ஒரு தடவை பாக்கணும்னு மேல உக்காந்து நெனச்சிருக்கேன்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சென்னியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சென்னியப்பனின் கோபம் அங்கேயே போய்விட்டது. முப்பத்தொன்பது பேரில் ஒருவர்கூட அந்தக் கீலைப் பற்றி எழுதியிருக்கவில்லை.

“எனக்குச் சொல்லிக் குடுங்க” என்றார்.

“என்னத்தை?”

“எப்படிச் செஞ்சா சரியா இருக்கும்னு.”

“நீங்க எனக்க அப்பா வயசு. எனக்குச் செய்யத் தெரியாது சார், தூக்கத்தான் தெரியும்.”

“அதையே சொல்லிக் குடுங்க.”

ஜெபமலர் சிரித்தார். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை.

நான்கு நாட்கள் சென்னியப்பன் அங்கேயே கிடந்தார். காலையில் ஜெபமலர் ஏறுவதைப் பார்ப்பார். மாலையில் இறங்குவதைப் பார்ப்பார். கேள்வி கேட்டால் பாதிக்குத்தான் பதில் வரும்.

“கத்தி எவ்வளவு நீளம் வேணுங்க?”

“என்னத்த வெட்ட?”

“பொதுவாத்தான் கேக்கறேன்.”

“பொதுவா எதையும் வெட்டுனதில்ல.”

இன்னொரு நாள் கேட்டார்: “மேல வேலை செய்யறப்ப எதுக்குங்க ரொம்பப் பயப்படுவீங்க?”

“கீழ நிக்கவங்களுக்காக. நான் ஒரு நட்டை விட்டாப் போதுமே.”

ஐந்தாம் நாள் கயிறு பிடிக்கிற ஆள் வரவில்லை. ஜெபமலரோடு வேலை செய்கிற செல்வின் மேலே இருந்தார். சங்கிலி போட்டு ஒரு கனமான பையை ஏற்ற வேண்டும். காற்றில் பை ஆடி கோபுரத்தில் மோதாமலிருக்க, அதில் கட்டிய கயிற்றைக் கீழேயிருந்து ஒருவர் பிடித்து நிற்க வேண்டும்.

“நீங்க பிடிக்கியளா? கையில மட்டும் சுத்தாதீங்க.”

“செரிங்க.”

பை ஏறியது. முப்பது அடிவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கயிறு உள்ளங்கையில் வழுக்கியது. சென்னியப்பன் தன்னையறியாமல் இடது மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார்.

அப்போது கணவாய்க்குள்ளிருந்து ஒரு பெருங்காற்று வந்தது.

பை கப்பல் பாய்போல விலகியது. கயிறு விறைத்தது. சுற்று இறுகியது. சென்னியப்பனின் இடது கை தலைக்கு மேலே போனது. குதிகால் தரையை விட்டது.

ஜெபமலர் வாக்கி டாக்கியில் கத்தினார். “செல்வின், நிறுத்து! நிறுத்து!”

சங்கிலி நின்றது. ஆனால் காற்று நிற்கவில்லை.

சென்னியப்பனின் வலது கை சட்டைப்பைக்குள் போய் அவருடைய சொந்தக் கருவியை எடுத்தது. ஒரு துண்டும் கழற்றாத, இருபத்தியொரு வேலையும் செய்கிற கருவி. கத்தி உள்ளே இருந்தது. அதை வெளியே எடுக்க ஒரு கை பிடிக்க வேண்டும், இன்னொரு கை நகத்தால் இழுக்க வேண்டும். அவர் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். தொடையில் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் வாயில் வைத்துப் பல்லால் இழுத்தார்.

அரம்தான் வெளியே வந்தது.

ஜெபமலர் ஓடி வந்தார். இடுப்பில் வாழைத்தார் அறுக்கிற வளைந்த கத்தி ஒன்று தொங்கும். அதற்கு மடக்கும் கிடையாது, கீலும் கிடையாது. ஒரே இழுப்பு. கயிறு அறுந்தது. பை மேலே சங்கிலியில் தொங்கி ஆடியது. சென்னியப்பன் மண்ணில் விழுந்தார்.

ஜெபமலர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். கருவியை மண்ணிலிருந்து எடுத்து, தூசி தட்டி, அரத்தை உள்ளே மடக்கி, அவருடைய சட்டைப்பையில் வைத்தார்.

ஏதாவது சொல்வார் என்று சென்னியப்பன் காத்திருந்தார்.

“கை வீங்குது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார் ஜெபமலர்.

எலும்பில் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஊருக்குத் திரும்பிய சென்னியப்பன் அந்த ஆறு வாரமும் ஒற்றைக் கையோடு வாழ்ந்தார். சட்டைப் பொத்தான் போட்டார். பால் பாக்கெட்டை வெட்டினார். தேங்காய் உடைக்கப் பார்த்து மனைவியிடம் திட்டு வாங்கினார். ஒவ்வொரு முறையும் கருவியை எடுத்தார். ஒவ்வொரு முறையும் அது இன்னொரு கையைக் கேட்டது.

நான்காம் வாரம் மேசையில் உட்கார்ந்து வரையத் தொடங்கினார்.

கத்தியை வெளிப்பக்கம் கொண்டுவந்தார். கட்டைவிரல் போக ஒரு துளை வைத்தார். விட்டாலும் விழாமலிருக்க வளையம் வைத்தார். பாட்டில் திறப்பான் போனது. சின்ன அரம் போனது. முள் எடுக்கும் ஊசிக்காக இரண்டு நாள் தனக்குத்தானே வாதாடினார். அதுவும் போனது.

கத்தரி மட்டும் காகிதத்தில் ஒரு மாதம் இருந்தது. அதன் பக்கத்தில் காரணங்கள் எழுதினார். நல்ல காரணங்கள்தாம். ஒரு நாள் காரணங்கள் இருந்த இடத்தைப் பார்த்தார். கத்திக்கு அவர் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

கத்தரியை அழித்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கீலை மட்டும் தொடவில்லை.

எட்டு மாதம் கழித்து மறுபடி ஆரல்வாய்மொழியில் இறங்கினார்.

புதுக் கருவியில் ஐந்தே வேலைகள். மினுக்கம் இல்லை. தேய்ந்த ஆட்டுக்கல்போல மங்கலாக இருந்தது. எப்படித் திறப்பது என்று அவர் சொல்லவில்லை. ஜெபமலரின் உள்ளங்கையில் வைத்தார், அவ்வளவுதான்.

ஜெபமலர் அதைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. வளையத்தை இடுப்புப் பெல்ட்டில் மாட்டினார். நேரமாகிவிட்டது என்று சொல்லி ஏணிக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

காலை ஒன்பது மணி.

சென்னியப்பன் மேடையில் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். மேலே இறக்கைகள் அசையாமல் நின்றன. எண்பது மீட்டர் உயரத்தில் என்ன நடக்கிறது என்று கீழேயிருந்து ஒன்றும் தெரியாது.

பதினொன்று ஆனது. பன்னிரண்டரை ஆனது. நோட்டில் ‘குறைகள்’ என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டார்.

இரண்டு மணிக்குப் பெரிய இறக்கைகள் மெல்ல நகர்ந்தன. பிறகு சுழன்றன. பழுது சரியாகிவிட்டது.

ஜெபமலர் இறங்கி வந்தார். முகமெல்லாம் வியர்வை. சோப்புத்தூள் போட்டுக் கைகழுவினார். தூக்குவாளியைத் திறந்தார். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் இருந்தன. மூடியில் பாதியைப் போட்டு அவர் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடுங்க. இன்னைக்கு ஒரு சோலி விடாம எல்லாம் முடிஞ்சுது. மூணு நாளா முடியாம கெடந்த சோலி. அந்த உள்பக்கத்து ஒயரு, கை போகாத எடம், அதுவும் ஆச்சு.”

சென்னியப்பனால் சாப்பிட முடியவில்லை. அவர் கண் ஜெபமலரின் இடுப்பில் இருந்தது. கருவி வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீல்வரைக்கும் கிரீஸ். கட்டைவிரல் துளையைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

அவர் பேனாவை எடுத்தார்.

“எப்படிங்க இருந்துச்சு?”

ஜெபமலர் கிழங்கைப் பிட்டபடி நிமிர்ந்து பார்த்தார்.

“எது சார்?”